கொள்ளிடத்தில் மாமியார் பேசிய முதல் வார்த்தை

புது மாப்பிள்ளை எதையும் 'தெரியாது' என்று சொல்ல மாட்டான். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமானபோது நானும் அப்படித்தான் திரிந்தேன். (நீச்சல் தெரியுமா என்று கேட்டால் 'ஏதோ கொஞ்சம்' என்பேன். கிணற்றை எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.)

மாப்பிள்ளை முன்னால் நின்று பேசுவதே மரியாதைக் குறைவு என்று நினைப்பவர் என் மாமியார். அரியலூரில் அவர் வீட்டுக்குள் நான் நுழைந்தால் சமையலறைக்குள் போய்விடுவார். "செல்வி, அவுங்களுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். செல்வி என் மனைவி.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் அவளுடைய அக்காளுக்கு வளைகாப்பு. சீர்த் தட்டுகளோடு நாங்கள் மூவரும் திருமானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சுற்றிப் போனால் நேரமாகும், பரிசலில் போய்விடலாம் என்றேன் நான். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது.

"சுழல் கெடக்கு, ஆடாம உக்காருங்க" என்றார் பரிசல்காரர்.

பரிசலில் ஒளிந்துகொள்ளக் கதவு ஏது? மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நடு ஆற்றில் பரிசல் பம்பரமாகச் சுற்றியது. துடுப்புக்கு அடங்காமல் எங்கள் நால்வரையும் இழுத்துக்கொண்டு போய், ஒரு திட்டின் நாணல் காட்டுக்குள் செருகி நின்றது. ஆள் உயரத்துக்கு நாணல், கரையே தெரியவில்லை. பரிசலை வெளியே தள்ள வேண்டும். பக்கத்துச் சேற்றில் ஒரு கட்டை கிடந்தது; அதன்மேல் நின்று தள்ளலாம் என்று எழுந்தேன்.

"அதுமேல கால வெக்காதீங்க சார், மொதலையா இருக்கப் போவுது" என்றார் பரிசல்காரர்.

"கட்டைங்க. பாத்தாலே தெரியல?" என்று சிரித்துவிட்டுக் காலை ஊன்றினேன்.

கட்டை வாயைத் திறந்தது.

அடுத்து நடந்தது எனக்கு நினைவில்லை. செல்விக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் நாணலிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டனவாம். எனக்கு நிதானம் வந்தபோது மாமியாரின் முதுகில் ஏறி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"மாப்ள, கழுத்த வுடுங்க. மூச்சு முட்டுது."

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் விடவில்லை. என்னைச் சுமந்தபடியே அவர் சீர்த் தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முதலை மீது எறிந்தார். "போ சனியனே! அங்க எம் பொண்ணு வாயும் வயிறுமா காத்துக்கெடக்கா, போ!" ஒரு தேங்காய் சரியாக மூக்கில் விழ, முதலை தண்ணீருக்குள் சரிந்து மறைந்தது. செல்வி சீர்த் தட்டால் தண்ணீரை இறைக்க, பரிசல்காரர் துடுப்பைச் சேற்றில் ஊன்றித் தள்ள, ஒருவழியாக அக்கரை சேர்ந்தோம்.

"தேங்கா எங்கம்மா?" என்று கேட்டாள் அக்காள்.

மாமியார் என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பந்தி வரைக்கும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. பந்தியில் அவரே வந்து என் இலைக்கு முன்னால் நின்றார். "இன்னுங்கொஞ்சம் போட்டுக்குங்க மாப்ள. பயந்த ஒடம்பு."

எங்கள் குடும்பத்துக்கு எந்தப் புது மாப்பிள்ளை வந்தாலும், அவர் மாமியாரோடு சகஜமாகப் பேச ஆரம்பித்துவிட்டாரா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "மாப்ள மொதலைய மிதிச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.