பிஸ்கட் தகரம் வைத்த ஷேப்பர்

சத்தம் போடும் எதையும் என்னால் சும்மா விட முடியாது. ஜன்னல் கொண்டி ஆடினால் காகிதத்தை மடித்துச் செருகுவேன். கதவு முனகினால் எண்ணெய் விடுவேன். ஒருமுறை கேகாலை பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்காரும் வாங்கு ஒன்று ஆடியது பொறுக்காமல் அதன் காலுக்கடியில் பஸ் டிக்கட்டை மடித்து வைத்துவிட்டு, பிறகு டிக்கட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் பொறுப்பு என்கிறேன். இந்த வழக்கு எங்கள் வீட்டில் நாற்பத்தொரு வருடமாக நடக்கிறது. தீர்ப்பு அவள் பக்கம் விழுந்த நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் அரசியல் பேசுகிறார்கள். நான், தோட்டத்துப் பழைய பெக்டரிச் சாமான்களை ஏலம் போட்டபோது ஒரு சிறிய ஷேப்பரை வாங்கினேன். இரும்பைச் சீவித் தட்டையாக்கும் இயந்திரம் அது. தச்சர் இழைப்புளி போடுவது மாதிரிதான், ஆனால் மோட்டாரின் பலத்தில் தானாகவே முன்னும் பின்னும் போய்வரும். முன்னே போகையில் உளி வெட்டும். பின்னே வருகையில் வெட்டாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

ஆறு பேர் சேர்ந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"இத எங்கங்க வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆட்டுக் கொட்டில்ல."

"ஆடு இருந்தாலாவது பால் குடுக்கும்."

இயந்திரம் வந்தது, ஆனால் உளியைப் பிடித்துக்கொள்ளும் டூல் ஹோல்டர் வரவில்லை. அது இல்லாத ஷேப்பர் பல் இல்லாத வாய். மாவனல்லையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு ஹோல்டரை எடுத்து மேசையில் வைத்தார். அது லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்குச் செய்தது. உளி நுழையும் துளை அதில் சாய்வாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பாகைமானியை எடுத்து அளந்தேன் (ஆமாம், சட்டைப் பையில் பாகைமானி வைத்திருக்கிறேன், அதனால் என்ன?). வேறு ஒன்று காட்டச் சொன்னேன். அதையும் அளந்தேன்.

"மாஸ்டர்," என்றார் முதலாளி, "நீங்க சாமான் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

இரண்டும் சித்தியடையவில்லை. நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

மூன்று செய்தேன். முதலாவது, லொறி வில்லுத் தகட்டில் செய்த கட்டையான ஹோல்டர். உறுதியானது, ஆனால் வெட்டுவதைப் பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். புதிய மூக்குக்கண்ணாடியை நினைத்து அதை ஒதுக்கினேன். இரண்டாவதுக்கு அன்னத்தின் கழுத்துப் போல ஒரு வளைவு. பாரம் தாங்காமல் வளைந்தாலும் உளியின் நுனி இரும்பை விட்டு விலகுமே தவிர உள்ளே குத்தாது. மூன்றிலும் அதுதான் நல்லது. ஆனால் பார்க்கும்போதெல்லாம் அது எனக்குப் பிழையாக வரைந்த கோடு மாதிரியே தெரிந்தது. முப்பத்துமூன்று வருடம் கோணல் கோட்டுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட கை, அதைத் தொட மறுத்தது.

மூன்றாவதில்தான் என் மனம் நின்றது. பழைய அச்சுத் தண்டிலிருந்து அறுத்த உருட்டுக் கம்பி. மேல் முனையை மட்டும் அரத்தால் சதுரமாக்கி, கீழ் முனையில் உளிக்குத் துளை போட்டேன். ஒன்றரைச் சாண் நீளம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மாட்டினால் ஒரு சாண் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. தூரத்தில் நின்று பார்க்கலாம். அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு இரும்புத் துண்டை வைத்து வெள்ளோட்டம் விட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். உளி ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து முடிகையில் ஒரு டக். ஹோல்டரைப் பிடித்திருந்த தட்டு, கீல் போட்ட கதவு மாதிரித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தேய்ந்துபோன இயந்திரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நொந்தேன். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, தகரத்தை நான்காக மடித்து, அந்தக் கதவு அசையாதபடி இடுக்கில் அடித்து இறுக்கினேன். சத்தம் நின்றது. பெருமையோடு சாப்பிடப் போனேன்.

இனிச் சம்பந்தி அம்மா வருகிறார். என் மகன் கட்டியது கரவனெல்லப் பக்கத்துப் பெண்ணை. பெண்ணின் அப்பா காலமான பிறகு, இரண்டு ஏக்கர் இறப்பரைத் தனியாகப் பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர் சம்பந்தி அம்மா. கல்யாண விருந்தில் நான் வடைகளை எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார் (எண்ணினால்தானே பந்திக்குக் காணுமா என்று தெரியும்!). "நம்ம வீட்டு ஆளுங்க எத்தன வடை தின்னாங்கன்னு மாப்பிள்ளையோட அப்பா கணக்குப் பார்க்குறாரு" என்று அவர் யாரிடமோ சொன்னது சுற்றி வந்து என் காதில் விழுந்தது. அதன்பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மருமகள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று தவித்தாள்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். கையிலிருந்த சாக்குப் பையில், இறப்பர் பாலை ஷீட்டாக உருட்டும் கைமெசினின் ஒரு துண்டு இருந்தது. உருளையைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டை.

"சம்பந்தி, மெசினு ஆடுது. ஷீட்டு ஒரு பக்கம் தடிப்பா வருது. இதோட அடிய மட்டமாக்கணுமாம். மாமாகிட்ட குடுங்கம்மான்னு மக சொன்னா."

மருமகள் சொன்னாளாம்! என் நெஞ்சு நிமிர்ந்தது.

"ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சிடலாங்க."

"ஹரி, சரிங்க. இருவத்திரண்டு தட்டுல பால் உறைஞ்சு கெடக்கு. இன்னிக்கு உருட்டாட்டி இறுகிப் போயிரும், பொறகு ஒண்ணும் செய்ய முடியாது."

கட்டையை வைஸ் பிடியில் இறுக்கி இயந்திரத்தை ஓட்டினேன். சம்பந்தி அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். முதலில் எல்லாம் அமைதியாகத்தான் நடந்தது. பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம். உளி பின்னே வரும்போதும் இரும்பை அழுத்தி உரசிக்கொண்டே வந்தது. கருகிய வாடை எழுந்தது. என் அழகான நீளக் கம்பி, பேச்சுப் போட்டியில் முதன்முதல் மேடையேறிய பிள்ளை மாதிரி நடுங்கியது.

"என்னங்க, அது ஒருமாதிரியா..." என்றாள் மனைவி.

"பேசாம இரு. வேலை நடக்கிறப்ப அப்படித்தான்."

நடுக்கத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஹோல்டரைப் பிடித்த திருகாணியை இன்னும் இறுக்கினேன். மழுங்கிப்போயிருந்த உளி வெட்ட முடியாமல் திணற, கம்பி வளைய, நுனி கட்டைக்குள் குத்தி இறங்கியது. படீர்! கட்டையில் ஆணி பூட்டும் காது உடைந்து, உருண்டு, சம்பந்தி அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவர் அதைக் கையில் எடுத்தார்.

"ஒட்டுமாங்க?"

"வார்ப்பிரும்பு பொதுவா..."

"ஒட்டாதுன்னு சொல்லுங்க."

"ஒட்டாது."

அவர் எழுந்து வந்து இயந்திரத்தை உற்றுப் பார்த்தார். "இது என்னா இது, பிஸ்கட் டின்னா?"

"சத்தம் வந்துச்சு. அதான் தகரம் வச்சேன்."

"என்னா சத்தம்?"

என் பக்க நியாயத்தை நிரூபிக்க வேண்டும் அல்லவா? தகரத்தைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டினேன். முன்னே போகையில் கதவு மூடியிருந்தது. திரும்பி வருகையில் உளி கதவோடு தலையைத் தூக்கி, இரும்பின் மேல் நோகாமல் தவழ்ந்து வந்து, பழைய இடத்தில் விழுந்தது. டக். அடுத்த தடவையும் டக். அது தேய்மானம் அல்ல. அந்த இயந்திரத்தைச் செய்தவர் யோசித்து வைத்த கதவு. திரும்பி வரும் உளிக்குக் கொடுத்த வழி. அதைத்தான் நான் அடைத்திருந்தேன்.

என் பிழையை என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"வடைய எண்ணுனீங்க, சரி," என்றார் சம்பந்தி அம்மா. "இந்த மெசினு மூச்சு விடுறதும் உங்களுக்குப் பொறுக்கலயா?"

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது.

ஆனால் இருபத்திரண்டு தட்டுக்கும் இந்த வேடிக்கை தெரியாது. மூன்று பேரும் அதே முச்சக்கர வண்டியில் கரவனெல்லவுக்குப் போனோம். பாதி வழியில்தான் கவனித்தேன், அந்த நீளக் கம்பி இன்னும் என் கையிலேயே இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

சீமெந்துத் தரையைக் கழுவி, உறைந்த பாலைத் தட்டுத் தட்டாகக் கவிழ்த்தோம். வெள்ளைத் தலையணை மாதிரி வழுக்கியது. மகனும் மருமகளும் செய்தி கேட்டு வந்து சேர்ந்தார்கள். மெசினுக்குப் பதிலாகக் கையால் உருட்ட, மகனுக்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டு, மனைவிக்குச் சோடாப் போத்தல், எனக்கு உளியைக் கழற்றிய என் டூல் ஹோல்டர். வேட்டியை மடித்துக் கட்டி, சம்பந்தி அம்மாவின் முன்னால் முழந்தாளிட்டு உருட்டினேன். கம்பியின் கனம் சரி, நீளம் சரி, வழவழப்பும் சரி. வளைந்திருந்ததுகூட அங்கே ஒரு குறையாகத் தெரியவில்லை.

"நல்ல சாமான்தான் செஞ்சிருக்கீங்க சம்பந்தி," என்றார் அவர். "என்னாத்துக்குன்னுதான் தெரியாம செஞ்சிட்டீங்க."

"பதினொண்ணு முடிஞ்சுது, இனி இருக்கிறது..." என்று தொடங்கினேன்.

"மாமா," என்றாள் மருமகள், "எண்ணாதீங்க. உருட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி அம்மாவும் சிரித்தார். ஷீட்டுகள் தடிப்பும் மெலிவுமாக, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த இலங்கைப் படங்கள் மாதிரி வந்தன. ஆனால் ஒரு தட்டும் வீணாகவில்லை. இருட்டுமுன் சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டில் அவர் வடை வைத்தார். எத்தனை என்று நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். ஐந்து.)

அடுத்த வாரம் கோணல் கழுத்து ஹோல்டரை மாட்டி, கதவைத் திறந்துவிட்டு, உருக்கில் புதிய கட்டை ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். அது இன்றுவரை ஆடவில்லை. நீளக் கம்பி திரும்பி வரவே இல்லை. சம்பந்தி அம்மா அதை வைத்து ரொட்டி தேய்க்கிறாராம்.

எங்கள் குடும்பத்தில் இப்போது தகரம் என்றால் வேறு அர்த்தம். யாராவது யாரையாவது அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தால் அந்த ஒரு சொல் போதும். பேத்தி பிறந்து மருமகள் எங்களோடு வந்து இருக்கிறாள். நேற்று, குழந்தை கடைசியாகப் பால் குடித்தது எப்போது, எவ்வளவு, ஏப்பம் விட்டதா என்று நான் தொட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா," என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே. "தகரம்."

கொட்டிலுக்குப் போய், ஒரு இரும்புத் துண்டை வைத்து ஷேப்பரை ஓடவிட்டு உட்கார்ந்தேன். டக். டக். டக். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான், என்ன ஆயிற்றோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன்.