மேல்பட்டை என்ன நிறம்?

இல்ல சார், அது பெயிண்ட் இல்ல. இந்த மரக்கொடியில நடுப்பட்டை மஞ்சள் பிறவி மஞ்சள். பலா மரம். கீழ இருக்கிற சிவப்பும் அப்படித்தான், மகோகனி. மேல இருக்கிற நீலம் மட்டும்தான் நான் அடிச்சது. எந்த மரமும் நீலமாப் பொறக்கல. பொறந்திருந்தா என் வீட்டுல இவ்வளவு பஞ்சாயத்து வந்திருக்காது.

உக்காருங்க. மாடிக்குக் குடிவந்து ஒரு மாசமாச்சு, கீழ தினமும் கர்ர்ர்னு என்ன சத்தம்னு நீங்க இதுவரைக்கும் கேக்காததே பெரிய மனசு. இதோ இந்த மெஷின்தான். தையல் மெஷின் மாதிரி, ஊசிக்குப் பதிலா நூல் கனத்துல ஒரு ரம்பம். மேலயும் கீழயும் ஆடும். எப்படி வேணா வளைச்சு வெட்டலாம். லேத் பட்டறையில இரும்போட மல்லுக்கட்டினவன், ரிட்டயர் ஆனதும் மரத்தை வளைக்கிறேன். வளையாதது வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். அது இப்ப சமையலறையில இருக்கு, மெதுவாப் பேசுங்க.

கொடி எங்க இரவுப் பள்ளியோடது. பகல் முழுக்க வேலை, சாயங்காலம் பாடம். என் வீட்டுக்காரியும் அங்கதான் படிச்சா. தையல்கடையில வேலை, முதல் பெஞ்சு. நான் கடைசி பெஞ்சு. என் மேல கிரீஸ் நாத்தம்னு வாத்தியார் ஜன்னலோரமா ஒதுக்கி வச்சிருந்தார். ட்யூப்லைட் முனகுற சத்தம், பல்லிக்கும் எங்களுக்கும் சேத்து வாத்தியார் நடத்துற அல்ஜீப்ரா, அவ பின்னல்ல ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு துண்டு நூல். தினமும் வேற வேற கலர் நூல் சார். அதைப் பாத்துத்தான் எனக்கு எந்த நாள்னே தெரியும்.

ஒரே ஒரு வருஷம் விளையாட்டு விழா வச்சாங்க. ஞாயித்துக்கிழமை. பகல் வெளிச்சத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததே அன்னிக்குத்தான். ஓட்டத்துல நான் கடைசி, அதனால கொடியைக் குடுத்துட்டாங்க. மைதானத்தைச் சுத்தி ஓடறேன். கூட்டத்துல அவ எந்திரிச்சு நின்னு, கண்ணு கொட்டாமப் பாக்கறா. சுத்து முடியற வரைக்கும்! முடிவாயிருச்சு சார் என் வாழ்க்கை. மறுவாரமே போய்ப் பேசினேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை பழைய மாணவர் கூட்டம். துணிக் கொடி எங்கயோ தொலைஞ்சு போச்சு, மரத்துல ஒண்ணு செஞ்சு கொண்டு வரேன்னு சொல்லிட்டேன். கூடவே மேடையில அஞ்சு நிமிஷம் பேச்சு. அந்தப் பார்வையைச் சொல்லி அசத்திரலாம்னு இருந்தேன்.

"அந்தக் கதை வேணாங்க"ன்னா.

"ஏன்? நிஜம்தானே?"

"பால்காரர்ல இருந்து கேஸ்காரர் வரைக்கும் சொல்லியாச்சு. மேடை ஒண்ணுதான் பாக்கியா?"

"என் கதை, நான் சொல்லுவேன்."

"சரி, அந்தக் கொடியில மேல்பட்டை என்ன நிறம்?"

"நீலம்."

"பச்சை."

"நீலம்மா!"

"தூக்கினவருக்கே தெரியல, பார்வை மட்டும் ஞாபகம் இருக்காம். நிறம் தப்புன்னா கதை கிடையாது. சம்மதமா?"

சம்மதம்னுட்டேன். கொடி தூக்கறவனுக்குக் கொடி தெரியாதுங்கிறது அப்புறம்தான் உறைச்சுது. அது தலைக்கு மேலதானே பறக்குது?

சாட்சி வேணும். கூடப் படிச்ச எலெக்ட்ரீஷியன் ஒருத்தன் இருக்கான், பட்டப்பேரு கரண்ட். டீக்கடையில வச்சு ஒத்திகை.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"பச்சை."

"டேய்!"

"சரி, நீலம். எனக்கென்ன மாப்ள, நான் அன்னிக்கு வரவே இல்லையே."

"அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். டீயை ஒரு வாய் உறிஞ்சினான், தொண்டையக் கனைச்சான்.

"தங்கச்சி, நீலம்தாம்மா. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். பிஸ்கட் எடுத்துக்குங்கண்ணே."

அவ்வளவுதான்! எட்டு தடவை ஒத்திகை பாத்த பொய், ஒரு பிஸ்கட்டுல ஜெயிச்சிருச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும் சார். கல்யாணமான நாளா நான் எதுலயும் ஜெயிச்சதில்ல. பழக்கமில்லாததால ஏமாந்துட்டேன்.

அப்புறம் வேலை. கொடி காத்துல ஆடற மாதிரி அலை அலையா வெட்டணும். ரெண்டு பலகையை ஒண்ணு மேல ஒண்ணு டேப் போட்டு ஒட்டி, ஒரே வெட்டு. அப்பத்தான் இதோட மேடு அதோட பள்ளத்துல போய் உக்காரும். உக்காந்துச்சு, ஜோடிப் பொருத்தம் மாதிரி. அந்த சந்தோஷத்துல மேல்பட்டைக்கு எனாமல் பெயிண்ட் எடுத்தேன். கதவுக்கு அடிப்பாங்களே, அது. முகத்துக்கு ரெண்டு கோட்டு, ஓரத்துக்கும் ரெண்டு கோட்டு. காஞ்சப்புறம் சேத்துப் பாத்தா உள்ள போகவே இல்ல. பெயிண்ட்டோட கனத்துலயே பட்டை ஊதிப்போச்சு. சுத்தியலால தட்டிப் பாத்தேன். பலா விரிசல் விட்டுருச்சு.

வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

"என்னங்க பண்றீங்க?"

"சேக்கறேன்."

"சண்டை போடற மாதிரி இருக்கு. ஓரத்தைச் சுரண்டுங்க முதல்ல. பெயிண்ட்டைத் தண்ணியாட்டம் கரைச்சு, துணியால தேய்ச்சு விடுங்க. மர ரேகை தெரியணும். அப்பத்தான் துணி மாதிரி இருக்கும், இது ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கு."

ரெண்டு நாள் சுரண்டினேன். பலா புதுசா வெட்டினேன். அவ சொன்ன மாதிரியே தேய்ச்சேன். பாருங்க, ரேகை எப்படி நூல் நூலாத் தெரியுதுன்னு. என் ஐடியான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

இன்னிக்குக் காலையில அவ வந்து கொடியைத் திருப்பிப் பாத்தா.

"பின்பக்கம் பச்சை அடிக்கலையா?"

"பந்தயம் முடிஞ்சு போச்சும்மா. நீலம்னு நீயே ஒத்துக்கிட்ட."

"முன்பக்கம் நீலம்தாங்க. யார் இல்லைன்னா? அந்தக் கொடி எங்க கடையில நான் தைச்சது. ரெட்டைத் துணி. நீலம் பத்தல, கடை மூடுற நேரம், பின்பக்கம் கையில கிடைச்ச பச்சையை வச்சுத் தைச்சுட்டேன். வெளிய சொல்லல."

"அப்ப கரண்ட் சொன்னப்ப ஏன் தலையாட்டின?"

"அந்தண்ணன் அன்னிக்குக் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தார். நம்ம கிளாஸ்ல காசு சேத்து ஆரஞ்சு வாங்கிட்டுப் போனது நான்தான். பாவம், இவ்வளவு தூரம் பொய் சொல்ல வந்திருக்காரேன்னு விட்டுட்டேன்."

உடனே அந்தப் பார்வையைப் பத்திக் கேட்டேன் சார்.

"அப்ப... எந்திரிச்சு நின்னு பாத்தியே?"

"காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரும்பிப் பச்சை தெரிஞ்சா மானம் போயிருமேன்னு கொடி மேல வச்ச கண்ணை எடுக்கல."

"என்னைப் பாக்கவே இல்லையா?"

"மறுவாரம் வந்து ‘ஏன் அப்படிப் பாத்தே’ன்னு கேட்டீங்களே, அப்பத்தான் கொடி தூக்கினது யாருன்னே பாத்தேன்."

"முப்பது வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமாக் கேட்டீங்க, எப்படிச் சொல்றது? பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்கல்ல, மேடையில தாராளமாச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டா.

என்னத்தைச் சொல்றது சார்? ஒரு துண்டுத் துணியைப் பாத்த பாவத்துக்கு என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, அதைப் போயா...

"என்னங்க! பச்சை கரைச்சு வச்சிருக்கேன், வர்றீங்களா?"

வந்துட்டேம்மா. வரேன் சார்.