மாஸ்டர் ஜெரோலமோவும் என் கோழிக்காலும்

என் பிரியமான தங்கை ஒர்சோலாவுக்கு, உன் அண்ணன் பொர்தோலோ தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரிகள் மேலே மேலே ஏறுவதைப் பார்த்துத் தாளைச் சாய்க்காதே. தாள் நேராகத்தான் இருக்கிறது, என் கைதான் மலைக்காரன் கை. துப்பாக்கிக்கு எஃகுத் தகட்டில் மயிரிழை அகலத்துக்குப் பூங்கொடி வெட்டுகிற கை, இந்தச் சின்னப் பேனாவைப் பிடித்தால் முரட்டுக் கழுதையைப் பிடித்த மாதிரி இழுபடுகிறது. இது வரைக்கும் எழுதவே காலைக் காப்பியிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஆகிவிட்டது.

ஆண்டவர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ஜாச்சிந்தாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றி ஆரம்பித்தால் தாள் தீர்ந்துவிடும். அர்ஜென்டினாவில் நீயும் பேரப்பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீ கல்யாணமாகிக் கப்பலேறிய நாளிலிருந்து நாற்பத்தேழு வருஷமாக நான் சொல்லச் சொல்ல நம் பங்குச் சாமியார்தான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒரு மணி நேரம் சொல்வேன், அவர் பேனா கொஞ்சம்தான் அசையும். "சாமி, அந்த ஆஸ்திரிய ரைபிளுக்கு நான் புதுக் கட்டை செதுக்கிப் போட்டதை எழுதினீங்களா?" என்று கேட்டால், "எல்லாம் எழுதியாச்சுப்பா, எல்லாம் எழுதியாச்சு" என்பார். போன குளிர்காலத்தில் தொழிற்சங்கத்தார் நடத்தும் மாலை வகுப்பில் நானும் ஜாச்சிந்தாவும் வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, கடைசிக் கடிதத்தைத் தபாலில் போடுமுன் பிரித்துப் பார்த்தேன். "நாங்கள் நலம். குளிர் அதிகம்." அவ்வளவுதான். கேட்டால், தற்பெருமை பாவம் என்கிறார். அதனால் நாற்பத்தேழு வருஷத்துப் பெருமை உள்ளே தேங்கிக் கிடக்கிறது, தங்கச்சி. இன்றைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

கோட்டை வீட்டுப் பிரபுவிடம் ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது உனக்கு நினைவிருக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பள்ளத்தாக்கில் மாஸ்டர் ஜெரோலமோ செய்தது. எஃகைச் சல்லடைபோல வெட்டி, இலையும் கொடியும் குட்டிப் பறவைகளுமாக வால்நட் கட்டையில் பதித்திருப்பார். குதிரைச் சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்க வேண்டிய ஜோடியில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. ஒற்றையாக வைத்திருப்பது பிரபுவுக்குக் கௌரவக் குறைச்சலாம். அதனால் அவருடைய காரியக்காரர் வந்து, இதைப் பழுது பார்த்து இதற்கு ஒரு ஜோடியும் செய்து கொடு என்றார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்தேன். பழசாகத் தெரிவதற்காகக் கோழிக்கூண்டு எருவில் புதைத்து வைத்தேன், அடுப்புப் புகையில் தொங்கவிட்டேன். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரியக்காரருக்கு எது எது என்று தெரியவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே, அதனால் என்னுடையதின் விசைப்பூட்டுக்குள்ளே, பெரிய ஸ்பிரிங்குக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் கோழிக்கால் மாதிரி மூன்று கீறல் போட்டேன்.

பிரபு செத்தபின் ஜோடி பிரிந்துவிட்டது. ஒன்றை நகர அருங்காட்சியகம் அசல் என்று சொல்லி வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டது. மற்றது எங்கே போனது என்று தெரியாமல் இருந்தது. போன மாதம் நம் சம்பந்தி ஃபாஸ்தினோ, ஆமாம், என் மகளுடைய மாமனார், இரண்டு பழைய ரைபிளையும் தன் வேட்டை நாயையும் கொடுத்து யாரிடமோ ஒரு "அரிய பொருள்" மாற்றிக்கொண்டான். யாருக்கும் காட்டாமல் போர்வையில் சுற்றிவைத்துவிட்டு, புனித பார்பரா திருநாளன்று பங்கு மண்டபத்தில் நடந்த எங்கள் பழந்துப்பாக்கிக் கண்காட்சியில்தான் திறந்தான். திறந்தால் அதுதான்! அதன் முன்னால் ஒரு சீட்டு. நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். வகுப்புக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் சீட்டு அது. "மாஸ்டர் ஜெரோலமோ, 1680" என்று போட்டிருந்தது. "பொய்!" என்று கத்திவிட்டேன்.

ஜாச்சிந்தா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "வாயை மூடிக்கிட்டு வாங்க, பொண்ணு குடித்தனம் பண்ற வீடு அது." ஃபாஸ்தினோ சிவந்துபோய், "ஏன்யா சம்பந்தி, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றான். "ஊத்தலை. அசல் நகரத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. அப்போ இது யாருது? என்னுது! இதோ, இந்த இலையை வெட்டும்போதுதான் என் கட்டைவிரல் கிழிஞ்சுது. பெத்தவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா?" என்றேன். நகரத்திலிருந்து தலைமை விருந்தினராக வந்திருந்த பேராசிரியர் கலேப்பியோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பெரியவரே, இது மாதிரி எஃகு வெட்ட இன்னைக்கு உயிரோட இருக்கிற எந்தக் கையாலும் முடியாது" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்றேன். சொன்னார். "கொஞ்சம் சத்தமா, என் வீட்டுக்காரிக்குக் காது மந்தம்" என்றேன். அதையும் சொன்னார். ஜாச்சிந்தாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

ஆனால் பாராட்டியும் அவர் நம்பவில்லை, தங்கச்சி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கை செய்ததை என் கை செய்யவில்லை என்று என் முன்னாலேயே சொல்கிறார், நூறு பேர் தலையாட்டுகிறார்கள். இப்போது விட்டால் நான் செத்தபின் யார் சொல்லப் போகிறார்கள்? கோயிலுக்குப் போனாலும் திருப்புளி இல்லாமல் நான் போவதில்லை. எடுத்தேன், பூட்டைக் கழற்றினேன். கீறல் ஸ்பிரிங்குக்கு அடியில் அல்லவா இருக்கிறது? அதை இடுக்கியால் அமுக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், அது தொழில் பழகுகிற பையனுக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் கட்டைவிரலால் அமுக்கினேன். படார்! ஸ்பிரிங் பறந்து, பேராசிரியரின் தொப்பியைத் தட்டிவிட்டு, விருந்துக்குப் பெண்கள் கிண்டிக்கொண்டிருந்த பொலெந்தாச் சோளக்களி அண்டாவுக்குள் போய் விழுந்தது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் நான் பூட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மூன்று கீறல்! கோழிக்கால்! நான் அதே மாதிரி இன்னொன்றைச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தும் காட்டினேன். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே கிடந்த தொப்பியை எடுத்து, தலையில் வைக்காமல், என் முன்னால் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "செத்துப்போன மாஸ்டர் ஒருத்தர் இருக்கார்னு நினைச்சு வந்தேன். உயிரோட ஒருத்தர் இருக்கீங்க" என்றார்.

மண்டபமே கைதட்டியது. பழைய சீட்டை எடுத்துவிட்டார்கள். புதுச் சீட்டை யார் எழுதுவது என்றபோது நானே எழுதுகிறேன் என்றேன். "பொர்தோலோ கிதினி செய்தது, 1931." கால் மணி நேரம் ஆனது, ஒருவரும் நகரவில்லை. அண்டாவைக் கரண்டி போட்டுத் துழாவியும் ஸ்பிரிங் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது ஃபாஸ்தினோவின் கடைவாய்ப் பல்லுக்குத்தான். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல என் ஜெரோலமோவைப் பறிச்சே, இப்போ பல்லையும் பறிச்சிட்டே" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டும் வாய் மட்டும் காதுவரை சிரித்துக்கொண்டே இருந்தது, என்ன செய்ய?

உனக்கும் உன் வீட்டாருக்கும் தேவமாதா துணையிருப்பாளாக. உன் வீட்டுக்காரரின் கல்லறையில் என் பெயரால் ஒரு பூ வை. ஜாச்சிந்தா உன்னை விசாரிக்கச் சொன்னாள், நான் சொல்வதில் பாதியை மட்டும் நம்பச் சொன்னாள்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் மாஸ்டர்,
உன் அண்ணன் பொர்தோலோ

பின்குறிப்பு: தபால்தலை வாங்காததால் கடிதம் நான்கு நாளாக மேசையில் கிடந்தது, நல்லதாய்ப் போயிற்று. பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நானே வாசித்தேன். முதலில் நான்தான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்து ஜாச்சிந்தாவையும் வாசிக்கச் சொன்னேன், அப்படியேதான் வந்தது. நகரத்துக்குத் திரும்பியவர் அருங்காட்சியகத்தில் உள்ளதையும் திறந்து பார்த்தாராம். அதன் திருகாணிகளின் மரையெல்லாம் ஒரே அளவு, இந்தக் காலத்து மரையச்சில் வெட்டியவை. ஃபாஸ்தினோவுடையதில் ஒவ்வொரு திருகாணியும் ஒவ்வொரு தினுசு, பழங்காலத்து ஆள் அரத்தால் ராவியது. கோழிக்காலைத் தேடின என் கண் திருகாணியைப் பார்க்கவே இல்லை. ஆக, ஃபாஸ்தினோவிடம் இருப்பதுதான் அசல் ஜெரோலமோ. நான் என் குறியை அசலின் மேல் போட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், கீறல் போட்டது உன் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில். உன் மாமனார் ஊற்றிய மதுதான் காரணம், நான் அல்ல.

சேதி கேட்ட ஃபாஸ்தினோ ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சம்பந்தி! என்னுது அசல்!" என்று குதித்தான். குதித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுருங்கிவிட்டது. "அடப்பாவி, அசல் ஜெரோலமோ மேல கோழிக்காலைக் கீறி வெச்சிருக்கியே!" என்றான். "ரெண்டு மாஸ்டர் கைபட்ட துப்பாக்கி உலகத்துலேயே உங்கிட்ட மட்டும்தான்யா இருக்கு" என்றேன். அதைத்தான் இப்போது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆனால் இதைக் கேள், ஒர்சோலா. இத்தனை வருஷமாக நகரத்தில் கண்ணாடிக்குள் இருப்பது என்னுடையது! பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்துப் படம் வரைந்துகொண்டு போவது என்னுடையதை! அதற்கும் புதுச் சீட்டை என் கையாலேயே எழுதிக் கொண்டுவரும்படி பேராசிரியர் கேட்டிருக்கிறார். ஏழு தாள் கிழித்தாகிவிட்டது, எட்டாவது பரவாயில்லை. வியாழக்கிழமை போய் அதை வைத்துவிட்டு, சும்மா ஒரு வழிப்போக்கன் மாதிரி ஓரமாக நிற்கப் போகிறேன். வருகிறவர்கள் வாசித்துவிட்டு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு சொல் விடாமல் அடுத்த வாரம் எழுதுகிறேன்.