ஃபுல் டேங்க்னு பொய் சொன்ன முள்

இன்னிக்கு வேலை ரொம்பச் சின்னது. பழைய கார்ல பெட்ரோல் முள்ளைச் சரி பண்ணணும்.

கார் என்னை விட வயசுல மூத்தது. முள் மட்டும் எப்பவும் ஃபுல்லுலயே நிக்கும். அதை நம்பி மூணு தடவை நடுரோட்டுல நின்னிருக்கேன்.

"இன்னொரு தடவை நின்னுச்சு, நாச்சாரம் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுடுவேன்"னா என் பொண்டாட்டி சுமதி. சொன்னா செய்வா! பதினோரு மணிக்கு குஷாய்குடாவுல அவ தங்கச்சிக்கு வளைகாப்பு. இதே கார்லதான் போகணும்னு அடம்பிடிச்சது நான்.

குச்சி விட்டுப் பாத்தேன். அரை டேங்க் இருந்துச்சு. மெக்கானிக் மாரியண்ணனுக்கு போன் போட்டேன். மூணு தலைமுறையா செகந்திராபாத் தமிழர், பேச்சுல ஊர் இந்தி கலந்துதான் வரும்.

"கைக்கு சார், எதுக்கு டென்ஷன்? டேங்க்ல மிதவை மேலயே சிக்கிருக்கும். வயரைக் கழட்டிப் பாருங்க. முள் விழுந்தா மீட்டர் நல்லாருக்குன்னு அர்த்தம்."

கழட்டினேன். விழுந்துச்சு! நான் ஐ.டி.யில டெஸ்டர். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சே சோறு திங்கிறவன். விடுவேனா?

மிதவையைக் கழட்டுற மூடி டேங்குக்குப் பக்கவாட்டுல இருந்துச்சு, அப்படியே திறந்தா பெட்ரோல் கொட்டிடும். பெட்ரோலை கேன்ல இறக்கிட்டு மிதவையை வெளிய எடுத்தேன். வளைஞ்ச கம்பியை நிமித்தி, திரும்ப மாட்டி, சாவியைத் திருகினேன்.

முள் காலியில நின்னுச்சு.

திரும்பக் கழட்டினேன். மாட்டினேன். காலி. நாலு தடவை மாட்டியும் காலி! மறுபடி போன்.

"டேங்க்ல பெட்ரோல் இருக்குல்ல சார்?"

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "காலையில குச்சி விட்டுப் பாத்தேண்ணே! அரை டேங்க்!"

"அப்ப மீட்டரே போச்சு. நக்கோ சார், விட்டுடுங்க."

குளிச்சிட்டு வந்தா, சுமதி பட்டுப்புடவையில வளையல் தட்டோட நிக்கிறா. "முள் சரியாச்சா?"

"அது ஜென்மத்துக்கும் உண்மை பேசாது. நீ ஏறு."

ரிப்பேர் பார்த்த வண்டியாச்சேன்னு சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சா. நசுக்கிட்டு ஜம்முனு கிளம்பினோம். லோத்குண்டா மெயின் ரோடு ஏறினதும் ரெண்டு இருமல். அவ்வளவுதான், நின்னுடுச்சு. பின்னாடி ஒரே ஹாரன்!

அப்பதான் உறைச்சுது. பெட்ரோல் வீட்டு வாசல்ல, கேன்ல, பத்திரமா இருக்கு. எலுமிச்சம்பழம் நசுக்கற அளவுக்குத்தான் குழாய்ல மிச்சம் இருந்திருக்கு.

அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். சுமதி ஒரு நிமிஷம் முள்ளைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. தட்டோட இறங்கி ஆட்டோவை நிறுத்தினா.

"காரை எடைக்குப் போடலைங்க. பாவம், அது நாலு தடவை உண்மையைத்தான் சொல்லியிருக்கு. வீட்டுல வேற ஒரு பழைய சாமான் இருக்கு. அதுக்கு என்ன விலை தருவான்னு கேக்கறேன்."

எப்படியோ, கார் தப்பிச்சிடுச்சுங்க.