அம்பு அண்ணன் வாங்கிய சாம்பிள் வீடு

பிரம்மா ஒரு டஜன் உலகம் செய்து அனுப்பியிருந்தால், அம்பு அண்ணன் பதினொன்றை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். பன்னிரண்டாவதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இமயமலை ஒரு பக்கமா இழுத்திருக்குதுங்க, ஆல்டர் பண்ணிக் கொண்டாங்க" என்றிருப்பார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் தொண்ணூறுகளில் திருப்பூர்ப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் அவர்கள் முதுகிலும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கும்.

பனியன் கம்பெனியில் தைத்து வரும் உருப்படிகளைச் செக்கிங் செய்பவர்கள், தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அண்ணன் எண்பதுகளில் செக்கராக வேலைக்குச் சேர்ந்தவர். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கே முதலாளி ஆகிவிட்டார். ஆனாலும் சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் அவர் வெளியே கிளம்பிப் பார்த்ததில்லை. நான் அவரிடம் வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அடிக்கிற உத்தியோகத்தில் இருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது.

ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் சாப்பிடாமல் வடையையே முறைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "ஓட்டை நடுவுல இல்லீங்க தம்பி" என்றார். வடையில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. எனவே வாழையிலையில் ஒட்டினார், அம்பின் முனை வடையைப் பார்க்கும்படியாக. இன்னொரு நாள் நான் முடி வெட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இடது கிருதா கால் இஞ்ச் இறக்கமாம். காதில் ஒட்டிவிட்டார். அதோடு நான் பேங்க், தபால் ஆபீஸ், மாமனார் வீடு எல்லாம் போய் வந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை; எங்கள் ஊரில் அது சகஜம்.

இப்படிப்பட்ட மனிதர் வீடு வாங்கப் புறப்பட்டால் எப்படி இருக்கும்?

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் அண்ணனும் சரசக்காவும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்குச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் தன் நெஞ்சிலேயே அடித்ததுபோலக் கத்துவார். சரசக்கா நெசவுக்காரர் வீட்டுப் பெண். பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக ஒரு பெரிய பழனி முருகன் படம் கொண்டுவந்திருந்தார். பதினெட்டு வருடமாக முருகன் டிரங்குப் பெட்டி மேல் சுவரில் சாய்ந்தபடியே அருள்பாலித்துக்கொண்டிருந்தார். சொந்தச் சுவரில், சொந்தமாக ஒரு ஆணி, அதில் முருகன். அக்கா அண்ணனிடம் கேட்டது இவ்வளவுதான்.

எந்த வீடு பார்க்கப் போனாலும் அக்கா படத்தையும் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். "முருகனும் ஒருக்கா பார்க்கட்டுமுங்க" என்பார். ஆறுபடை வீடு கண்ட முருகன், அண்ணன் புண்ணியத்தில் நாற்பத்திரண்டு வீடு கண்டார். நாற்பத்திரண்டும் ரிஜெக்ட்.

காங்கயம் ரோட்டு வீட்டில் படிக்கட்டு ஒன்றுபோல இல்லையாம், தையல் முன்னே பின்னே விழுந்த மாதிரி இருக்கிறதாம். ஊத்துக்குளி ரோட்டு வீட்டில் பீரோவை நகர்த்தி, "எதுவா இருந்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கோணும்" என்று பின்னாலிருந்த சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். அவிநாசி ரோட்டு வீட்டில் நடந்ததுதான் உச்சம். துணியை நனைத்துக் காயவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது எங்கள் தொழில். அண்ணன் ஹாலை இஞ்ச் டேப்பால் அளந்தார், ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினார், காயட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்காரரும் மனைவியும் மாமியாரும் ஒரு மணி நேரம் சோபாவில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, எங்களுக்குக் காபியும் கொடுத்தார்கள். கொங்கு நாட்டு மரியாதைக்கு அதைவிட ஒரு சோதனை வந்திருக்காது.

நாற்பத்திரண்டாவது வீடு முடிந்த அன்று அக்கா பொங்கலைக் கெடுவாக வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இத பாருங்க, தை நோம்பிக்குள்ள முருகனுக்கு ஒரு ஆணி. இல்லீன்னா படத்தைத் தூக்கிட்டுக் கணியூருக்கு, எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அங்க செவுரு நிறைய கெடக்குது."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். அப்போதுதான் பேப்பரில் அந்த முழுப்பக்க விளம்பரம் வந்தது. கோயமுத்தூருக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்தில், கோல்ஃப் மைதானத்தைச் சுற்றித் தனி வீடுகள். வேலி, காவல், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் விளையாட்டு. கோல்ஃப் என்றால் என்னவென்று அண்ணனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பார்த்தது அதையல்ல.

"தம்பி, இந்தப் புல்லைப் பாருங்க. ஏக்கர் கணக்குல ஒரே ஒசரம். புல்லையே இத்தனை லெவலா வெட்டறவன், ஊட்டைக் கோணலாவா கட்டிருப்பான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசிடரில் கிளம்பினோம். அண்ணன், அக்கா, இங்கிலீஷுக்கு நான், பின்சீட்டில் துண்டு சுற்றிய முருகன். சாமளாபுரம் தாண்டியும் அக்கா கைப்பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் டை கட்டிய ஒரு மெட்ராஸ் இளைஞர் வரவேற்றார். முதலில் வீட்டைக் காட்டாமல் மைதானத்தைக் காட்டியது அவர் செய்த தப்பு. அண்ணன் மண்டியிட்டு, புல்லைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, கண்ணை மூடி, "நல்ல சரக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அக்கா முருகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நாலடி நடந்ததும் அண்ணன் அலறினார். "அய்யய்யோ! எவனுங்க இந்த வேலை பண்ணுனது?"

பட்டுப்போன்ற புல்தரையின் நட்டநடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. பக்கத்தில் ஒரு கொடி. துணியின் எடை பார்க்க நாங்கள் ஒரு கட்டர் வைத்திருப்போம். வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் போடுவோம். முருகன் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழி அதே அளவு.

"எடை பார்க்க வெட்டறவன் ஓரத்துல வெட்டமாட்டானா? இத்தனை நல்ல சரக்குல நடுவுலயா கை வைப்பான்?"

"சார், அது ஹோல் சார்" என்றார் டை தம்பி. "இந்த மாதிரி மொத்தம் பதினெட்டு இருக்கு." பெருமையாக வேறு சொன்னார்.

"பதினெட்டா!" அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இரக்கம் மேலிட்டு, பூச்செடிப் பாத்தியிலிருந்து மண்ணை அள்ளி வந்தார். நான் தடுப்பதற்குள் குழியை நிரப்பி, ஓரத்திலிருந்து புல் பிடுங்கி மேலே பதித்து, மிதித்து, கொடிக்கம்பில் ஒரு அம்பும் ஒட்டிவிட்டார். வேலை சுத்தம். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைப் பந்து மெதுவாக உருண்டு வந்து, குழி இருந்த இடத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. தூரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் குச்சியும் கையுமாக நின்றார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையிலேயே கொடுத்தார்.

"ஏனுங்க, உங்க பந்துங்களா? இந்தாங்க, பத்திரமா வெச்சுக்கங்க."

அவர் பந்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கொடியிடம் வந்து தரையைப் பார்த்தார். "குழி எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"சரி பண்ணிட்டேனுங்க" என்றார் அண்ணன், கையைத் தட்டிக்கொண்டே. "மீதி பதினேழையும் காட்டுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தந்தர்றேன்."

டை தம்பி எங்களை அவசர அவசரமாக மாதிரி வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே அண்ணன் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். கதவிடுக்கு, ஜன்னல் மூலை, குழாயடி, தண்ணீர்த் தொட்டியின் அடிவயிறு. மொத்தம் அறுபத்தோரு அம்பு. டை தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு விஷயம் தெரியாது. வேறு எந்த வீட்டிலும் அண்ணன் நூறுக்குக் கீழே வந்ததில்லை. அக்கா கூடத்தில் கிழக்கு வெயில் விழும் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார். அந்தச் சுவரில் மட்டும் ஒரு அம்பும் இல்லை.

"உங்க வீடு அச்சு அசல் இதே மாதிரி இருக்கும் சார். அடுத்த வருஷம் சாவி உங்க கையில."

அண்ணன் சிரித்தார். "தம்பி, நான் திருப்பூருங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இப்படிச் சொல்றீங்க? சாம்பிளுக்குத் தனி டெய்லர், தனி மிஷினு, நல்ல நூலு. ஆர்டர் கைக்கு வந்ததுக்கப்புறம் தெக்கறது வேற சரக்குங்க. நான் எத்தனை பேருக்கு அந்த மாதிரி காட்டிருக்கேன்னு இந்தத் தம்பியக் கேளுங்க."

நான் விட்டத்தைப் பார்த்தேன். அச்சு அசல் சாம்பிள் மாதிரியே இருக்கும் என்ற அந்த ஃபேக்ஸ்களையெல்லாம் அடித்தவன் நான்தான்.

"எனக்கு இந்த சாம்பிளே போதும். இதையே பேக் பண்ணுங்க."

"சார், இது விக்கறதுக்கு இல்ல சார்!"

"அதனாலதான் கேக்கறேன்."

டை தம்பி உள்ளே போய் மேலிடத்துக்குப் போன் போட்டு அரை மணி நேரம் மன்றாடினார். வியர்த்து வழிய வெளியே வந்தார். கொடுத்துவிடுகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. மற்ற வீடுகள் கட்டி முடிகிறவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு இதைச் சுற்றிக் காட்டச் சம்மதிக்க வேண்டும். அக்கா உடனே, "அதுக்கென்னங்க, வந்தா ஒரு வாய் காப்பி குடுத்தாப் போச்சு" என்றார்.

காகிதம் வந்தது. பேனா வந்தது. அண்ணன் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். ஆட்சேபம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றதும் மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

"வேண்டாம் சரசு. போலாம் வா."

"ஏனுங்க?"

"சரக்கு தப்புன்னா ரிட்டர்ன் பண்ணிப்போடலாம். ஊடு தப்பாப் போச்சுன்னா எங்கன்னு ரிட்டர்ன் பண்றது? நான் பாஸ்னு சொல்லி, நாளைக்கு அது உனக்கு ஆகாமப் போச்சுன்னா?"

நாற்பத்திரண்டு வீட்டிலும் அவர் அம்பு ஒட்டியது எதற்காக என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப என்னத்தைச் செக் பண்ணுனீங்க?"

அண்ணன் முழித்தார். "உன்னைய எங்க செக் பண்ணுனேன்? வெக்கத்துல தலையே தூக்கலியே. காப்பி டம்ளரைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

"செக்கிங்கே இல்லாம எடுத்துட்டு வந்தீங்களே, இத்தனை வருசத்துல ரிட்டர்ன் வந்துச்சுங்களா?"

டை தம்பி டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "பாஸ்!" என்று கத்தியபடி கையெழுத்துப் போட்டார். அது கட்டத்துக்கு வெளியே கோணலாக விழுந்திருந்தது. அவர் பார்ப்பதற்குள் நான் காகிதத்தை மடித்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் கூடத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம். கைப்பையில் அக்கா கொண்டுவந்தது ஒரு சுத்தியலும் ஒரு ஆணியும். "மேடம், மேடம், இன்னும் ரிஜிஸ்டர் ஆகல மேடம்!" என்று டை தம்பி ஓடினார். அக்கா காதில் வாங்கவில்லை. நாலே அடி. முருகன் ஏறிவிட்டார். பதினெட்டு வருடம் சாய்ந்தே இருந்தவரை நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

அண்ணன் வந்து பார்த்தார். ஆணி ஒரு நூல் அளவு சரிந்திருந்தது. அவர் கை தானாகப் பைக்குள் போனது. அக்காவைப் பார்த்தார். "ஒட்டுங்க, ஒட்டுங்க, இல்லீன்னா உங்களுக்குச் சோறு எறங்காது" என்றார் அக்கா. அறுபத்திரண்டாவது அம்பு ஆணிக்குப் பக்கத்தில் ஏறியது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணனே அம்பு அம்பாகக் காட்டி, ஒவ்வொரு தப்பையும் விளக்குவார். அக்கா காபி கொடுப்பார். இத்தனை தப்புச் சொல்லியும் இந்த மனிதர் இங்கேயே இருக்கிறாரே என்று பாதிப் பேர் முன்பணம் கட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் மட்டும், அண்ணன் வெளியே நடக்கக் கிளம்பினால் குழிக்குக் காவல் நிற்பார்.

முதல் வருடத் தை நோம்பிக்குப் போனபோது, சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள், அம்பை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும். "உரிச்சுப் போட்டுடலாமில்லீங்கக்கா?" என்று கேட்டேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அய்யோ, வேண்டாந் தம்பி. உரிச்சா அவரு மறுக்கா மொதல்ல இருந்து செக்கிங் ஆரம்பிச்சுருவாரு."

அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தத் தை நோம்பிக்கும் போயிருந்தேன். பெயிண்ட் அடிக்க வந்த பையன் ஏணியில் நின்றான். சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிப்போன அம்புகள் அங்கங்கே அப்படியே இருந்தன. அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "கண்ணு, அதும்மேல படாமச் சுத்தி அடிங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

உரித்துப் போட்டுவிடலாமே என்று இந்த முறை நான் கேட்கவில்லை.