இது டெஸ்ட்தான்

பாட்டுக்கு இசை போடுகிறவர்களைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கென்ன, எப்படியோ போட்டுவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது, இசை போடுவதற்காகக் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டே இருக்கும் ஓர் இனத்தைப் பற்றி. உங்கள் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். "பாட்டு எந்த அளவில இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "மெஷின் கிட்டத்தட்ட ரெடி" என்பார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் நன்றாக விளைந்தவர். பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. தெருவில் அவருக்குக் கம்போசர் என்று பெயர். இன்றுவரை ஒரு பாட்டைக்கூட அவர் முடித்ததில்லை என்பது அந்தப் பெயருக்கு எந்த விதத்திலும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

கம்போசர் புது மெஷின் வாங்கமாட்டார். "புதுசை யார் வேணா வாங்கலாம் சார். பழசுல நல்லதைப் பொறுக்கறதுலதான் இருக்கு விஷயம்" என்பார். எங்காவது ஓர் ஆபீஸை மூடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வேலை போனவர்கள் அழுது முடிப்பதற்குள் அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் எந்தக் கடைக்குப் போகின்றன என்று விசாரித்து, லீவு சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு போய் நிற்பார். நான் எதற்கு? தூக்குவதற்கு.

கடையில் அவர் செய்யும் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். பெட்டியை விரலால் தட்டுவார். பின்பக்கம் மூக்கை வைத்துக் கருகிய வாசனை வருகிறதா என்று முகர்வார். ஓடவிட்டு, காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஃபேன் சத்தத்தைக் கேட்பார். கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை.

"ஆபீஸ்ல இருந்த மெஷின் சார். கணக்கு போட்டதைத் தவிர ஒரு பாவமும் அறியாது."

இதைத்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கம்போசர் உருகிப்போவார்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்துப் போடுவார். தூசியை ஊதுவார். ரேமை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரால் தேய்ப்பார். பாட்டரி செத்துப்போன மெஷினாக இருந்தால், ஒவ்வொரு தடவை போடும்போதும் அது ஏதோ பழைய வருஷத்துத் தேதியைக் காட்டும். அதன் கணக்குப்படி அந்த ஆபீஸ் இன்னும் நன்றாக நடந்துகொண்டிருக்கும். பிறகு மியூசிக் கீபோர்டை மாட்டி ஒரு கட்டையை அழுத்துவார். சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். "இன்னும் ஒரே ஒரு ரேம் போட்டா போதும்" என்பார். அந்த ஒரே ஒரு ரேமை அவர் எத்தனை தடவை போட்டிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

"வீட்டுக்கு யாராவது வந்தா உட்கார இடமில்ல. நாற்காலி பூரா பெட்டி உட்கார்ந்திருக்கு" என்பார் அவருடைய மனைவி. அதில் கோபம்கூடக் கிடையாது. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

கம்போசரின் படைப்புகள் அனைத்தையும் கேட்ட ரசிகன் நான் ஒருவன்தான். 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்.' சில சமயம் ஓர் இருமலும் சேர்ந்து வரும். எல்லாம் துல்லியமான பதிவு. குறை சொல்ல முடியாது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவருக்கு ஓர் அக்கா இருக்கிறார். அம்மா வேலைக்குப் போன வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவனைத் தூங்கவைக்க அவரே ஒரு பாட்டுக் கட்டிப் பாடுவாராம். அந்த அக்காவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் பழையபடி இருக்குமா என்று சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர்.

அக்கா தம்பியிடம் வந்தார். "டேய், அந்தப் பாட்டை மட்டும் என் குரல்ல பிடிச்சு வைடா. அப்புறம் எப்படி ஆகுமோ."

"கவலைப்படாதக்கா, பிரமாதமா பண்ணிடலாம்" என்றார் கம்போசர். மறுநாளே என்னை அழைத்துக்கொண்டு வேறொரு பெட்டி வாங்கக் கிளம்பினார். அக்காவின் குரலை ஏற்கனவே இருக்கும் மெஷினில் எடுக்கலாமா? தகுமா?

நாள் ஓடியது. வாங்கிய பெட்டியில் ஃபேன் இரைந்தது, ஃபேனை மாற்றினார். ஹார்ட் டிஸ்க் கரகரத்தது, அதையும் மாற்றினார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே வந்து, பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"சும்மா ஒரு தடவை பாடுக்கா. லெவல் பாக்கறேன்" என்றார் தம்பி.

அக்கா பாடினார். முதல் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முழுப் பாட்டையும் பாடினார். சமையலறையிலிருந்து கம்போசரின் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். தம்பி மட்டும் திரையில் ஏறி இறங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெவல் கரெக்டா இருக்கு" என்றார். போட்டுக் கேட்டோம். நடுவில் எங்கோ மெல்லிசாக ஒரு 'டிக்'.

"இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார் மனைவி.

"இது டெஸ்ட்தான். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க. அதுக்குள்ள இதை ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் புதுசா ஏத்திடறேன். வெண்ணெய் மாதிரி ஓடும்."

இந்த இனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது. நாங்கள் சாப்பிட்டோம். கை கழுவினோம். வெற்றுத் திரையில் ஏதோ ஒன்று நிரம்பிக்கொண்டே இருந்தது. நிரம்பி முடிந்ததும் மெஷினுக்கு மைக் யாரென்றே தெரியவில்லை. மைக்கை அறிமுகப்படுத்தி வைக்கும் சி.டி. கடையில் இருந்தது. ஞாயிறு, கடை லீவு. வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் அக்கா எழுந்தார்.

"பரவாயில்லடா. வந்து பாடறேன்" என்றார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு மனைவி கேட்டார்: "காலைல பாடினது இருக்கில்ல?"

கம்போசர் திரையைப் பார்த்தார். அது கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"அது டெஸ்ட்தானே..." என்றார். பிறகு பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. தடித்து, உடைந்து, பாதி காற்றாக வந்தது. பேசலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே மறுபடியும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கறதைப் பாடறேன். எடுடா."

சி.டி. வாங்கி மெஷினோடு சேர்த்துவைத்திருந்த மைக்கைக் கம்போசர் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

"அக்கா... இந்தக் குரலுக்கு இந்த மைக் ஒத்து வராதுக்கா. ஒரு வாரம் டைம் குடு, வேற ஒண்ணு பாத்து..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் கை குறுக்கே நீண்டு மவுஸைப் பிடித்து, திரையில் பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. அக்காவும் யாருக்கும் காத்திராமல் பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பாட்டு இப்போது இருக்கிறது. பழைய குரல் இல்லை. ஆனாலும் கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். தொடக்கத்தில் ஓர் ஆண் குரல், 'ஒரு வாரம் டைம் குடு, வேற ஒண்ணு பாத்து' என்று கெஞ்சும். அதன்மேல் அக்காவின் உடைந்த குரல் எழுந்து போகும். அக்கா அதைத் தினமும் கேட்கிறார். அந்த இடம் வரும்போது தினமும் சிரிக்கிறார்.

"அந்த முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துடணும் சார்" என்று நேற்று என்னிடம் சொன்னார் கம்போசர். "இந்த மெஷின் தாங்காது. ஊருக்கு வெளியில ஒரு ஆபீஸை மூடறாங்களாம்..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நடப்பதற்கென்று வாங்கிய ஷூ உங்கள் வீட்டில் பெட்டியைவிட்டு இறங்கியதா? நல்ல மேஜை அமைந்ததும் எழுதலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அது என்ன ஆயிற்று? போகட்டும், அதெல்லாம் உங்கள் பாடு. வீட்டில் யாராவது உங்களிடம் ஏதோ ஒன்று கேட்டுவிட்டு, நீங்கள் தயாராவதற்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். இதைப் படித்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லாதீர்கள்.