பர்வின் அக்காவின் புது ரேட்

மனைவி பத்ருன்னிசாவை வேலையை விட வைத்துவிடுவது என்று அன்வர் பாட்சா முடிவு செய்தான். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. கிரீன் கார்டு வருகிறவரை, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் ஆறு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் அவள். கார்டு கைக்கு வந்த பதினோராவது நாள், டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அன்வருக்கு மத்தியானச் சாப்பாடு ஆபீஸில் ஆறிப்போன சாண்ட்விச். வீடு பத்து நிமிஷ டிரைவ்தான். பக்கத்து சீட் மகாதேவன் தினமும் வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு திரும்பி வருவார். அந்த ஏப்பம்தான் அன்வரைக் கெடுத்தது.

ஜாடையாகப் பேசிப் பார்த்தான்.

"உன் சம்பளம் வாரத்துக்கு இருநூத்தி அறுபது. ஆகிப்புக்கும் நதாவுக்கும் டேகேர் நூத்தி எண்பது. மிச்சம் எண்பது டாலருக்கா இந்த ஓட்டம்?"

"பிள்ளைங்க எனக்கு மட்டுமா பிறந்தாங்க? டேகேர் காசை ஏன் என் சம்பளத்துலயே கழிக்கிறீங்க? உங்க சம்பளத்துல கழிங்க. எனக்கு முழுசா மிச்சம்."

அன்வர் சாப்ட்வேர் எஞ்சினியர். இருந்தும் இந்தக் கணக்கு உதைத்தது. சரி, வேறு கணக்குப் போட்டான். அந்த எண்பதைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிவிட்டால்?

சனிக்கிழமை காலை, பத்ருன்னிசா பிள்ளைகளோடு காய்கறி வாங்கப் போயிருந்தபோது, பர்வின் அக்கா வீட்டுக்குப் போனான். பர்வின் அக்கா தன் அபார்ட்மெண்டில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அதில் இரண்டு அன்வருடையவை. வாரநாளில் அவர் "டேய்... டேய்..." என்று போடும் சத்தம் பார்க்கிங் வரை கேட்கும். டேகேர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பது அன்வரின் ஆராய்ச்சி.

"அக்கா, ஒரு பிள்ளைக்கு வாரம் தொண்ணூறுதான் வாங்குறீங்க. ஊர்ல நூத்தி நாப்பது போகுது" என்று பிரிண்ட் எடுத்து வந்த தாளை நீட்டினான்.

"எல்லாம் தெரிஞ்ச ஜனம் தம்பி. கூட எப்படிக் கேக்குறது?"

"அந்த மரியாவோட ரெண்டு பிள்ளைங்களுக்கும் கவர்மெண்ட்தானே கட்டுது?"

"ஆமா. தனியா நிக்குற பொண்ணு, கடையில வேலை பாக்குது. அதுக்கு உதவிப் பணம் வருது."

"உதவிப் பணம் தர்ற அந்த ஆபீஸ் நூத்தி நாப்பது வரைக்கும் குடுக்கும் அக்கா. ஆனா உங்க ரேட் ஷீட்ல என்ன இருக்கோ அதுக்கு மேல ஒரு பைசா தராது. வாரம் நூறு டாலரை நீங்களே வேணாம்னு சொல்லிட்டு இருக்கீங்க."

பர்வின் அக்கா யோசித்தார். "அப்ப மரியா பிள்ளைங்களுக்கு மட்டும் ஏத்திப் போட்டுடவா?"

"முடியாது. எல்லாருக்கும் ஒரே ரேட்தான் போடணும். ரூல் அப்படி."

"பத்ருவுக்குமா?"

"பத்ருவுக்கும்தான்" என்றான் அன்வர். குரல் தானாகவே இறங்கியது. "நான் வந்து சொன்னேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்."

"நான் ஏன் தம்பி சொல்றேன்" என்றார் பர்வின் அக்கா.

அதன்பிறகு அன்வருக்குத் தூக்கம் போனது. ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்ருன்னிசா "ஒரு விஷயம் கேக்கணும்" என்றபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கார் சாவி எங்கே என்று கேட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"பர்வின் அக்கா ரேட் ஏத்திட்டாங்க."

"அடடா" என்றான் அன்வர். கொஞ்சம் முந்திவிட்டது. "எவ்வளவு?"

"ரெண்டு பேருக்கும் சேத்து இருநூத்தி எண்பது."

"உன் சம்பளத்தைவிட இருபது டாலர் கூட."

பத்ருன்னிசா அவனையே பார்த்தாள். அன்வர் தாளைப் பார்த்தான். அவ்வளவு நேரம் பார்க்கத் தாளில் ஒன்றும் இல்லை.

"அப்ப என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? நீயே முடிவு பண்ணு."

"சரி. வேலையை விட்டுடுறேன்."

ஏழு காரணங்கள் தயாராக வைத்திருந்தான். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கடையில் போடும் வெள்ளைக் கோட்டை அவள் மடித்து அலமாரியில் வைத்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரசத்தை நினைத்துக்கொண்டான்.

"ஆனா என்னால சும்மா உக்காந்திருக்க முடியாது. வீட்டுலேர்ந்தே ஏதாச்சும் பண்ணலாமா?"

"வீட்டுலேர்ந்துன்னா தாராளமா பண்ணு."

"அப்ப இதுல கையெழுத்து போடுங்க."

நாலு பக்கம். சாப்ட்வேர்காரன், படிக்காமல் 'ஐ அக்ரீ' அழுத்திப் பழகிய கை. நாலிலும் போட்டான்.

கடையில் நோட்டீஸ் கொடுத்த நாட்கள் முடிந்தன. அதற்கடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, "இன்னிக்கு எனக்கும் வீட்டுச் சோறு" என்று மகாதேவன் காதில் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வீட்டு வாசலில் தெரியாத கார் ஒன்று நின்றது. கேரேஜ் திறந்திருந்தது. உள்ளே அவனுடைய லெதர் சோபா செங்குத்தாகச் சுவரில் சாய்ந்திருந்தது. சாவி போட்டான். உள்பக்கம் சங்கிலி மாட்டியிருந்ததால் கதவு நாலு விரல் அகலம்தான் திறந்தது. அந்த நாலு விரலில் பத்ருன்னிசாவின் முகம்.

"அங்கயே நில்லுங்க."

உள்ளேயிருந்து "டேய்" என்று கேட்டது. பர்வின் அக்காவின் குரல்.

"என்ன பத்ரு இது?"

"டேகேர். பர்வின் அக்காவோட ஆறு பிள்ளைங்க, புதுசா ஆறு. அவங்க அபார்ட்மெண்ட்ல பன்னெண்டு பேருக்கு இடம் இல்ல. நம்ம ஹால்ல இருக்கு. நீங்கதானே கையெழுத்து போட்டீங்க? மெல்ல பேசுங்க, லைசென்ஸ் ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வந்திருக்காங்க."

"சரி, நான் சாப்பிட்டுட்டு ஓடிடுறேன்."

"முடியாதுங்க. வீட்டுல இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும், போலீஸ் கேஸ் ஏதும் இருக்கான்னு பாக்குற பேக்ரவுண்ட் செக் முடியணும். எனக்கு மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. உங்களுது இன்னும் வரல. அதுவரைக்கும் ஆறு மணிக்குப் பிள்ளைங்க போனப்புறம்தான் நீங்க உள்ள வரலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு வாரம் ஆகலாமாம்."

அன்வருக்கு அப்போதுதான் உறைத்தது. "மூணு மாசம் முன்னாடியா? ரேட் ஏறினதே போன மாசம்தானே?"

"வேலையை விட்டுட்டு நானும் அக்காவும் சேந்து இதை ஆரம்பிக்கலாம்னு அப்பவே பேச்சு. ஹாலை உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல. அன்னிக்கு அக்கா வீட்டுலேர்ந்து உங்க கார் தெரு முனை திரும்புறதுக்குள்ள அக்கா எனக்கு போன் பண்ணிட்டாங்க." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அன்வருக்குப் பயமாக இருந்தது. "ரேட் யோசனை ரொம்ப நல்ல யோசனைங்க. எங்களுக்குத் தோணவே இல்ல. புதுசா வந்த ஆறு பேர்ல நாலு பேருக்கு கவர்மெண்ட்தான் கட்டுது. நூத்தி நாப்பது."

கதவிடுக்கு வழியாக ரசம் மணத்தது.

உள்ளேயிருந்து அந்த மேடம், வாசலில் யார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நோபடி, மேம்" என்று பத்ருன்னிசா திரும்பிச் சொன்னாள். "ஹவுஸ் ஓனர்."